450 ரூபாய்க்கு ஐயாயிரம் வருஷம்: தமுக்கத்தில் வாங்கிய உலக வரலாறு சார்ட்

மதுரை தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடந்தபோது வாங்கியது. ஆறு மாதம் சுவரில் தொங்கவிட்டுப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன், வாங்கின வாரமே எழுதியிருந்தால் திட்டி மட்டும்தான் எழுதியிருப்பேன்.

வில்லாபுரத்தில் வீட்டு முன்னறையில் டியூஷன் எடுக்கிறேன். எட்டாவதிலிருந்து பத்தாவது வரை 14 பிள்ளைகள், சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க எட்டரை ஆகிவிடும். எல்லாரும் கணக்குக்கும் அறிவியலுக்கும் வந்தவர்கள். சமூக அறிவியல் என்பது அவர்களுக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் நெட்டுருப் போடும் சமாச்சாரம். வருஷம் கேட்டால் டக்கென்று வரும், 1453 என்றால் கான்ஸ்டாண்டிநோபிள், 1789 என்றால் பிரெஞ்சுப் புரட்சி. அந்தச் சமயத்தில் நம்ம ஊரில் யார் இருந்தார்கள் என்று கேட்டால் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். எனக்கும் பாதி தெரியாது என்பது வேறு விஷயம். இந்தச் சார்ட்டை ஸ்டாலில் பார்த்ததும் நின்றதற்குக் காரணம் அதுதான்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆறடி நீளம், மூன்றடி உயரம், லேமினேஷன் போட்டது, மேலேயும் கீழேயும் ரீப்பர் கட்டை, மாட்டுவதற்கு ஒரு நூல். விலை 500, கழிவு 10 சதவீதம் போக 450. கட்டை படு மட்டம். ஆணியில் மாட்டிய மூன்றாம் நாளே மேல் கட்டை வளைந்து, சார்ட் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. கழற்றிப் போட்டுவிட்டு எலக்ட்ரிக்கல் கடையில் பிவிசி வயரிங் பட்டி இரண்டு வாங்கி ஸ்க்ரூ அடித்தேன், அது ஒரு தனிச் செலவு. லேமினேஷனில் சரியாக 1945க்கு மேல் ஒரு கொப்புளம். ஹிரோஷிமா என்ற எழுத்து அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது, விரலால் அமுக்கினால் நகர்ந்து 1949ல் மாவோ தலைமேல் போய் உட்கார்ந்துகொள்ளும், கையை எடுத்தால் திரும்பி வரும். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. எழுத்து பொடிப் பொடியாக இருப்பதால் பக்கத்தில் போய் நின்றால்தான் படிக்க முடியும். வகுப்பறையில் மாட்டிவிட்டுப் பின்பெஞ்சிலிருந்து படிக்கலாம் என்று நினைத்து யாரும் வாங்கவேண்டாம்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? இடமிருந்து வலமாகக் காலம் ஓடுகிறது, மேலிருந்து கீழாக ஐந்து நிறப் பட்டைகள்: ஐரோப்பா, மேற்கு ஆசியாவும் ஆப்பிரிக்காவும், இந்தியா, சீனாவும் ஜப்பானும், கடைசியில் அமெரிக்கா. இந்த அமைப்பு ஒன்றுக்காகவே காசு கொடுக்கலாம், அதை நான் கண்டுபிடிக்கவில்லை, ஒன்பதாவது படிக்கும் ஒரு பையன்தான் கண்டுபிடித்தான். கணக்கு போடச் சொன்னால் அடிஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் சார்ட்டில் நெட்டுக்கு வைத்து நின்றுகொண்டிருந்தான். ஸ்கேல் நின்ற இடம் 1649.

மேலே இங்கிலாந்தில் அந்த வருஷம் ஜனவரியில் முதலாம் சார்லஸ் ராஜாவின் தலையை வெட்டியிருக்கிறார்கள். கீழே சீனாவில் மிங் வம்சம் முடிந்து ஐந்து வருஷம் ஆகி மஞ்சுக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஷாஜகான். "மிஸ், நம்ம மகால் எப்ப கட்டினது?" என்று கேட்டான். 1636 என்றேன். அதைக் கட்டிய திருமலை நாயக்கர் 1623லிருந்து 1659 வரை மதுரையை ஆண்டவர், அப்படியென்றால் லண்டனில் ராஜா தலை உருண்டபோது இங்கே அவர்தான் சிம்மாசனத்தில் இருந்திருக்கிறார். சார்ட்டில் அவர் பெயரே இல்லை. ஸ்கேலைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினால் 1633, கலீலியோ மீது ரோமில் விசாரணை. சாகும்வரை, 1642 வரை, அந்த மனுஷன் வீட்டுக்காவலில்தான் இருந்தார். நம்ம மகாலின் தூண்களுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புச் சாந்து பூசி மினுக்கிக்கொண்டிருந்த காலத்தில், பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன குற்றத்துக்கு ஒரு கிழவர் அங்கே வாசலைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்திருந்தார். ஒலி ஒளிக் காட்சிக்கு இரண்டு மூன்று தடவை போய்வந்த பிள்ளைகள்தான் எல்லாரும், ஆனால் அந்தத் தூண்களுக்குப் பக்கத்தில் கலீலியோவை யாரும் அவர்களுக்கு நிற்கவைத்துக் காட்டியதில்லை, எனக்கும்தான்.

"ராஜா தலையை வெட்டினவங்கள ஒண்ணுமே பண்ணலையா மிஸ்?" அடுத்த கேள்வி. பண்ணினார்கள். 1660ல் மகன் திரும்பி வந்து பட்டமேறியதும் மரண உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்களில் சிலரைக் கொன்றார்கள், அவர்களுக்குத் தலைவராக இருந்து செத்துப்போயிருந்த குரோம்வெல்லைத் தோண்டி எடுத்துத் தூக்கில் தொங்கவிட்டார்கள். அன்றைக்குக் கணக்கு நடக்கவில்லை.

இங்கேதான் சார்ட்டின் பெரிய குறையும் வெளிப்பட்டது. இந்தியா என்ற பட்டை முழுக்க மௌரியர், குப்தர், சுல்தான்கள், முகலாயர், அப்புறம் கிழக்கிந்தியக் கம்பெனி என்று வடக்கிலேயே ஓடுகிறது. நம்ம பக்கம் ராஜராஜ சோழன் ஒருத்தர் மட்டும் தஞ்சைக் கோபுரத்தோடு நிற்கிறார். தமிழில் அச்சடித்து மதுரையில் விற்கிற சார்ட்டில் பாண்டியனும் இல்லை நாயக்கரும் இல்லை என்றால் என்ன சொல்வது! பில்லில் இருந்த நம்பருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அடுத்த பதிப்புல பாக்குறோம் மேடம்" என்றார்கள்.

அடுத்த பதிப்புக்குக் காத்திருக்காமல், வெள்ளைச் சார்ட் அட்டையை நாலு அங்குல அகலத்துக்கு வெட்டி, இந்தியா பட்டைக்குக் கீழே கொஞ்சம் இடித்துப் பிடித்து ஒட்டி, 'நம்ம ஊரு' என்று ஸ்கெட்சில் எழுதி வைத்தோம். அந்தத் துண்டால் சீனாவின் தலைப்பாகம் மறைந்துவிட்டது, பரவாயில்லை. அதில் எழுதுவதற்கு ஒரு விதி வைத்தேன்: மேலேயோ கீழேயோ அதே காலத்தில் உலகத்தில் நடந்த ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் எழுதவேண்டும். கீழடியில் கிடைத்த ஒரு கரி மாதிரிக்குக் கி.மு. 580 என்று கணக்கு வந்தது, அதை எழுதிய பெண் கீழே காட்டிய ஆள் கன்பூசியஸ், அவர் பிறந்தது கி.மு. 551. 1780ல் வேலுநாச்சியார் ஹைதர் அலியின் படை உதவியோடு சிவகங்கையைத் திரும்பப் பிடித்தபோது, கடைசிப் பட்டையில் அமெரிக்கர்கள் அதே ஆங்கிலேயர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1921 செப்டம்பர் 22, மேலமாசி வீதி, காந்தி அரையாடைக்கு மாறியது. இதற்கு ஜோடி தேடியவன் அதே வருஷம் ஜூலையில் ஷாங்காயில் சீனக் கம்யூனிஸ்டுக் கட்சி தொடங்கியதைப் பிடித்தான்.

எல்லாவற்றிலும் எனக்கே புல்லரித்தது 1764. சார்ட்டில் பக்சார் போர் வாள் படத்தோடு பெரிதாகப் போட்டிருக்கிறது, அக்டோபர் 22. அந்தப் போருக்குப் பிறகுதான் மறுவருஷம் வங்காளத்தின் வரி வசூல் உரிமை கம்பெனி கைக்குப் போனது, ஒரு வியாபாரக் கம்பெனி அரசாங்கமாக மாறிய இடம். சரியாக ஒரு வாரம் முன்னால், அக்டோபர் 15, மதுரையில் யூசுப்கானைத் தூக்கில் போட்டார்கள். மருதநாயகம் என்றால் எல்லாருக்கும் தெரியும், கான்சாகிப் என்றும் சொல்வோம், கான்சாமேட்டுத் தெரு அவர் பெயரில்தான் இருக்கிறது. கம்பெனிக்காகச் சண்டை போட்டு, கம்பெனிக்காக மதுரையை நிர்வாகம் பண்ணி, பிறகு அவர்களையே எதிர்த்துக் கோட்டைக்குள் இருந்துகொண்டு மாதக்கணக்கில் முற்றுகையைத் தாங்கி, கடைசியில் கூட இருந்தவர்களே பிடித்துக் கொடுத்து முடிந்துபோன கதை. இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய ஏழாண்டுப் போர் 1763ல் பாரிஸ் உடன்படிக்கையோடு ஓய்ந்துவிட்டது என்று மேல் பட்டையில் போட்டிருக்கிறது, இங்கே ஓயவில்லை. "சம்மட்டிபுரம் தர்காவா மிஸ்? தினமும் ஸ்கூல் பஸ் அந்த வழியாத்தான் போகுது" என்றாள் ஒருத்தி. அதேதான், அவரை அடக்கம் செய்த தர்கா என்றேன்.

தப்புகளையும் சொல்லவேண்டும், பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்செய்கிறவர்கள் கவனிக்கவும். ரஷ்யப் புரட்சியை 1917 அக்டோபர் 25 என்று மட்டும் போட்டு விட்டுவிட்டார்கள், பள்ளிப் பிள்ளை நவம்பர் 7 என்று படித்துவிட்டு வந்து குழம்புகிறது. இரண்டும் ஒரே நாள்தான், ரஷ்யா அப்போது 13 நாள் பின்தங்கிய பழைய காலண்டரில் இருந்தது, 1918 பிப்ரவரியில்தான் மாற்றினார்கள். ஒரு வரி போட்டிருந்தால் முடிந்தது. நெப்போலியனுக்கு நாலு படம், போதாததற்கு உயரம் 5 அடி 2 அங்குலம் என்று ஒரு பெட்டிச் செய்தி. அது பிரெஞ்சுக்காரர்களின் பழைய அங்குலம், நம்முடையதைவிடப் பெரியது, நம் அளவில் ஐந்தரை அடிக்கு மேல் வரும், அந்தக் காலத்துக்கு அவர் ஒன்றும் குள்ளம் இல்லை.

சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டு முதல் உலகப்போரைக் கிளப்பிவிட்டவன் செர்பிய ராணுவ வீரன் என்று போட்டிருப்பதுதான் மோசம். பத்தாவது சமூக அறிவியலில் முதல் பாடமே முதல் உலகப்போர்! சுட்ட கவ்ரிலோ பிரின்சிப் 19 வயதுப் பையன், போஸ்னியாவில் பிறந்த மாணவன். 1914 ஜூன் 28 காலையில் அவன் கூட்டாளி வீசிய குண்டு குறி தப்பிப் பின்னால் வந்த காருக்குக் கீழே வெடித்தது, காயம்பட்டவர்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இளவரசர் கிளம்பினார், வழி மாறியதை டிரைவரிடம் யாரும் சொல்லவில்லை, அவர் பழைய வழியில் திருப்பிவிட்டார், ஐயோ இது இல்லை என்று காரை நிறுத்திய இடத்தில் பிரின்சிப் நின்றுகொண்டிருந்தான். இருபது வயது ஆகாததால் தூக்குத் தண்டனை கிடையாது, 1918ல் சிறையிலேயே காசநோயில் செத்தான். இதை ஒரு தடவை சொன்னேன், இனி அந்தத் தேதியை யாரும் மறக்கப் போவதில்லை.

விட்டுப்போன ஆட்களின் பட்டியல் எடுத்தால் நீளும். ராஜாக்களும் தளபதிகளும்தான் சார்ட் முழுக்க, பெண்கள் முகம் மொத்தம் நாலு, எண்ணிவிட்டேன். எனக்குப் பொறுக்காதது பெரியம்மைத் தடுப்பூசியைக் கொண்டுவந்த எட்வர்ட் ஜென்னர் இல்லாததுதான். 1796ல் ஒரு பால்காரப் பெண்ணின் கையில் இருந்த மாட்டம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்து எட்டு வயதுப் பையனுக்குக் குத்திப் பார்த்த மனுஷர். அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து அம்மா வந்து, ரவிக்கைக் கையைக் கொஞ்சம் மேலே தள்ளி, தோளுக்குக் கீழே காசு அளவுக்குக் குழிந்து சுருங்கிக்கிடக்கும் தழும்பைக் காட்டினார். "இது அம்மை குத்தினது. குத்த வர்றாங்கன்னா நாங்க எல்லாம் ஓடிப்போயி வைக்கப்படப்புக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவோம்." பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தொட்டுப் பார்த்தார்கள். அவர்கள் யார் கையிலும் அது இல்லை, என் கையிலும் இல்லை. 1975ல் இந்தியாவில் கடைசி பெரியம்மை நோயாளி, 1977ல் சோமாலியாவில் கடைசியாக ஒருவருக்கு இயற்கையாகத் தொற்றியது, 1980ல் உலகத்தை விட்டே போய்விட்டது என்று அறிவித்துவிட்டார்கள். கோடிக்கணக்கான உயிர் விஷயம். நெப்போலியன் படத்தில் ஒன்றைக் குறைத்திருந்தாலே இடம் வந்திருக்கும்.

கொலம்பஸைப் பற்றியும் அம்மாதான் கேட்டார். மிளகைத் தேடிப் போனவர் மிளகாயில் போய் முடிந்த கதையைச் சொன்னேன், 1492க்கு முன்னால் நம்ம ஊரில் மிளகாயே கிடையாது என்றதும் "அப்ப குழம்புக்கு என்னத்தப் போட்டாங்க?" என்றார். மிளகுதான் என்றேன். நம்பவில்லை.

மார்க் போடச் சொன்னால் அமைப்புக்குப் பத்துக்கு ஒன்பது, விவரத்துக்கு ஆறு, கட்டைக்குப் பூஜ்யம். சொந்தமாகப் படித்து உண்மையைச் சரிபார்க்க ஒரு பெரியவர் வீட்டில் இருந்தால் வாங்கலாம், பிள்ளையைத் தனியாக இதன் முன்னால் உட்காரவைத்துவிட்டுப் போகிறவர்கள் வாங்கவேண்டாம். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்களுக்கு இது போதாது.

வாங்குகிறவர்கள் ஸ்டாலில் தொங்கும் பீஸை எடுக்காதீர்கள், வெளிச்சத்தில் இந்தியாவின் மஞ்சள் வெளிறி ஐரோப்பா மாதிரியே ஆகியிருக்கும். உள்ளே சுருட்டி வைத்திருப்பதைக் கேட்டு வாங்கி, அங்கேயே மேஜையில் முழுக்க விரித்து, 1945ஐத் தடவிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.