பிளவைத் தேட எது: சோபலா, செம்பிளன்ஸா, நியூரல் நெட்வொர்க்கா?

முப்பரிமாண சீஸ்மிக் தரவில், அதாவது நிலத்துக்குள் அலையை அனுப்பித் திரும்பும் எதிரொலியைப் பதிந்த தரவில், பிளவுகளை (பாறை அடுக்கு அறுந்து நகர்ந்த இடங்களை) தேட மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, அடுக்கின் சாய்வைப் பின்பற்றிக் கணக்கிடும் செம்பிளன்ஸிலேயே (பக்கத்துப் பதிவுகளின் ஒப்புமை அளவிலேயே) நிற்கிறேன். ஆகவே நடுநிலைத் தீர்ப்பை இங்கே தேட வேண்டாம்.

சோபல் ஃபில்டரைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பக்கத்து டிரேஸ்களுக்கு (ஒவ்வோர் இடத்திலும் பதிவான எதிரொலி அலைகளுக்கு) இடையே ஆம்பிளிட்யூட், அதாவது அலையின் வலிமை, எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும், சீக்கிரம் முடிந்துவிடும். புகைப்படத்தில் வெளிச்சம் மாறும் இடம்தான் விளிம்பு, அங்கே சரி. சீஸ்மிக் வெட்டுமுகத்திலோ ஒவ்வொரு பாறை அடுக்குமே ஆம்பிளிட்யூட் மாறும் கோடு. நாம் தேடுவது அந்தக் கோடு அறுபடும் இடத்தை. 1986-இல் வந்த, விளிம்பு தேடும் இன்னொரு வழியான கேனி முறை கோடுகளை மெலிதாக்கித் தரும், குழப்பத்தைத் தீர்க்காது.

பஹோரிச்சும் ஃபார்மரும் 1995-இல் கேள்வியையே மாற்றினார்கள்: பக்கத்து டிரேஸ்கள் ஒன்றுபோல் இருக்கின்றனவா? 1998-இல் மார்ஃபர்ட் குழுவினர் பல டிரேஸ்களைச் சேர்த்து, செம்பிளன்ஸ் கொண்டு இதை அளந்தார்கள். டிரேஸ்கள் அச்சு அசலாக ஒத்துப்போனால் மதிப்பு 1. ஒப்புமை குலையக் குலைய மதிப்பு இறங்கும்.

எல்லாமே சாய்வில்தான் இருக்கிறது. டிரேஸ் இடைவெளி 25 மீட்டர், அடுக்கின் சாய்வு 30 டிகிரி, அலைவேகம் நொடிக்கு 3000 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த டிரேஸில் அதே அடுக்கு சுமார் 14 மீட்டர் கீழே போய்விடும். போய்வரும் நேரத்தில் கிட்டத்தட்ட 10 மில்லிநொடி. 30 ஹெர்ட்ஸ் அலைக்கு இது கால் சுழற்சிக்கும் மேல். சாய்வைக் கவனிக்காமல் கிடைமட்டமாக ஒப்பிட்டால், இந்த இரண்டு டிரேஸ்களின் செம்பிளன்ஸ் 0.4-க்கும் கீழே விழும். பிளவே இல்லாத இடம், ஆனால் படத்தில் கன்னங்கரேல் என்று ஒரு பட்டை! சாய்வு 10 டிகிரிதான் என்றால் மதிப்பு 0.9-க்கு மேலேயே நிற்கும். அதனால்தான் தட்டையான படுகையில் அழகாக வந்த செட்டிங், மடிப்புள்ள இடத்தில் காலை வாரிவிடுகிறது.

அதற்காகச் சாய்வுக் கணிப்பை அவிழ்த்துவிடவும் முடியாது. சாய்வைத் தேடும் வரம்பை அதிகமாகத் திறந்தால், கணிப்பு பிளவைத் தாண்டிப் போய் எதிர்ப்பக்கத்தில் கிடைத்த அடுக்கோடு ஒட்டிக்கொள்ளும்; சின்னப் பிளவுகள் ஆறிப்போன காயம் மாதிரி மறைந்துவிடும். நான் முதலில் சாய்வுப் படத்தை மட்டும் தனியாகத் திறந்து பார்ப்பேன். அது புள்ளி புள்ளியாகச் சிதறியிருந்தால் செம்பிளன்ஸை ஓட்டுவதே வீண். நேரச் சாளரத்தை, அதாவது ஒரு தடவையில் ஒப்பிடும் டிரேஸ் துண்டின் நீளத்தை, ஏறக்குறைய ஒரு சுழற்சி அளவுக்கு வைப்பேன். அதைவிடக் குறைத்தால் இரைச்சல் ஏறும், கூட்டினால் சாய்ந்த பிளவுகள் பூசினாற்போல் ஆகிவிடும்.

செம்பிளன்ஸுக்கும் கண் மறைக்கும் இடம் உண்டு. பிளவில் அடுக்கு மேலோ கீழோ நகர்ந்த பெயர்ச்சி சரியாக ஒரு சுழற்சி அளவு, மேற்சொன்ன கணக்கில் 50 மீட்டர், இருந்து, இருபுறத்து அடுக்குகளும் ஒரே சாயலில் இருந்தால், கோடுகள் மறுபடி பொருந்திப் பிளவு தெரியாமல் போகும்.

நியூரல் நெட்வொர்க் தரும் படம் பார்வைக்குச் சுத்தம், சந்தேகமில்லை. 2019-இல் வெளிவந்த ஃபால்ட்செக்3டி என்ற நெட்வொர்க் முழுக்கச் செயற்கைத் தரவில் பயின்றது. வெறும் 200 கனசதுரங்களில் கற்று, நிஜத் தரவிலும் ஆச்சரியப்படும்படி வேலை செய்கிறது. ஆனால் பிளவு என்று சொல்லிக்கொடுத்ததைத்தான் அது தேடும். புதைந்த ஆற்று வாய்க்காலின் கரை செம்பிளன்ஸில் தானாக வந்து விழும். நெட்வொர்க்கிடம் அதை எதிர்பார்க்க முடியாது. ஒரு பிளவு ஏன் விடுபட்டது என்று கேட்டாலும் திருப்பிப் பார்க்க சாய்வோ சாளரமோ கையில் இருக்காது. உப்புக் குவிமாடங்களை ஒட்டிய தரவில் இதை நான் அதிகம் ஓட்டியதில்லை, அங்கே செம்பிளன்ஸ் பக்கம் நிற்கும் என் தீர்ப்பு தவறாகவும் இருக்கலாம். பெரிய பிளவுகளை விரைவாக வரைந்து தர மட்டும் நெட்வொர்க்கைப் பயன்படுத்துகிறேன். அந்த வரைவைச் செம்பிளன்ஸின் நேரத் துண்டோடு (ஒரே நேர ஆழத்தில் எடுத்த கிடைமட்டப் படத்தோடு) ஒட்டிப் பார்க்காமல் யாருக்கும் அனுப்புவதில்லை.