இரவு முக்குளிப்பில் கூம்புச் சங்கு: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு என் கருவிகள் பற்றி

சாலமன் தீவுகளில் குவாடல்கனாலின் வடகரையில்தான் நான் கூம்புச் சங்கு தேடுகிறேன். ஈட்டி போன்ற பல்லால் விஷம் ஏற்றிக் கொட்டும் கடல் நத்தை இது. சங்கு சேர்ப்பவர்களுக்கு இந்தக் கரை தெரியாமல் இருக்காது. 1777இல் விவரிக்கப்பட்ட கோனஸ் குளோரியாமாரிஸ் என்ற கூம்புச் சங்கு வகை நெடுங்காலம் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே கிடைத்துவந்தது. அது வாழும் இடத்தை முக்குளிப்பவர்கள் 1969இல் கண்டுபிடித்தது இந்தத் தீவின் வடக்குக் கடலில்தான். விலை சரிந்துவிட்டது, அதன் அழகு எனக்கு ஒரு துளியும் குறையவில்லை.

முதலில் டார்ச். கூர்மையான ஒளிக்கற்றை வீசும் விலை உயர்ந்த டார்ச்சைவிட, ஒளி அகலமாகப் பரவும் சாதாரண டார்ச்தான் எனக்குக் கைகொடுத்திருக்கிறது. பெரும்பாலான கூம்புச் சங்குகள் பகலில் மணலுக்குள் புதைந்து கிடந்து, இருட்டியதும் இரைதேடக் கிளம்பும். டார்ச்சைத் தரையோடு தரையாகப் பக்கவாட்டில் பிடித்தால் அவை ஊர்ந்த தடத்தில் நிழல் விழுந்து பள்ளம் தெளிவாகத் தெரியும். தடம் முடியும் இடத்தில் சின்ன மேடு. சில நேரம் நீரிழுக்கும் குழாயின் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலிருந்து வெளிச்சம் அடித்தால் இதெல்லாம் கண்ணிலேயே படாது.

அடுத்தது நீளமான ஸ்டீல் இடுக்கி. கருவிகளில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். அகலமான பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினால் கொட்டாது என்று இன்னமும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம்பாதீர்கள். அதன் துதிக்கை நீண்டு வளைந்து ஓட்டின் எந்தப் பக்கத்தையும் எட்டும். அதன் நுனியில் இருக்கும் ஈட்டி போன்ற பல், கையுறையையும் வெட்சூட் என்னும் முக்குளிப்பு உடையையும் துளைக்கக்கூடியது. அதனால் பவளப்பாறைச் சிராய்ப்புக்குக் கையுறை போடுங்கள். சங்கைத் தொடும் தைரியத்துக்காகப் போடாதீர்கள். 1935இல் ஆஸ்திரேலியாவின் ஹேமன் தீவில் இறந்தவர், கோனஸ் ஜியோகிராஃபஸ் என்ற கூம்புச் சங்கை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கத்தியால் அந்த ஓட்டின் மேல்தோலைச் சுரண்டியவர். இந்த விஷத்துக்கு மாற்றுமருந்து இன்றும் கிடையாது. அழுத்திக் கட்டும் பேண்டேஜ், கை கால் அசையாமல் வைப்பது, மூச்சு நின்றால் மருத்துவமனை சேரும்வரை செயற்கை சுவாசம்: இவ்வளவுதான் வழி. கூட முக்குளிப்பவருக்கு இதெல்லாம் தெரியாவிட்டால் நான் தண்ணீரில் இறங்குவதில்லை.

சேகரிக்க வலைப்பை வேண்டவே வேண்டாம். தொடையில் உரசும் பையின் கண்ணி வழியாகவே கொட்டலாம். தடித்த பிளாஸ்டிக், திருகு மூடி, மூடியில் சிறு துளைகள் கொண்ட டப்பாதான் சரி. என்னுடையது வெயிலில் நிறம் வெளுத்துப்போயிருக்கிறது, உழைப்பில் குறையில்லை.

எதை எடுப்பது என்பதில் நான் கறாராக இருக்கிறேன். கல்லுக்கு அடியில் முட்டைப் பைகளோடு இருக்கும் தாய்ச் சங்கை எடுப்பதில்லை. புரட்டிய கல்லை அப்படியே திருப்பி வைக்காமல் நகர்வதில்லை. துறவி நண்டு குடியிருக்கும் ஓடு அந்த நண்டுக்கே. ஓரம் உடைந்த சங்கு எவ்வளவு அரிதானாலும் அங்கேயே வாழட்டும். இங்கே பெரும்பாலான கரையும் பாறையும் கிராமத்தாருக்கு வழிவழியாக உரிமையானவை. அவர்களைக் கேட்டு, கட்டணம் கொடுத்துவிட்டே இறங்க வேண்டும், அதுதான் மரியாதையும். இந்தியாவில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள்: கோனஸ் மில்னெஎட்வர்ட்சி என்ற கூம்புச் சங்கு வகை 1972ஆம் ஆண்டு வனஉயிர் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருக்கிறது.

கடலுக்குள் வண்ணக்கோலம் தெரியாது. பழுப்புத் தோல் ஒன்று ஓட்டை மூடியிருக்கும். சதையை நீக்கிய பிறகு நீர்த்த பிளீச்சில் ஊறவைத்தால் தோல் கழன்று, உள்ளே இருக்கும் வலைப்பின்னல் வெளிப்படும். அமிலத்தின் பக்கமே போகாதீர்கள். ஓடே சுண்ணாம்பு, கரைந்துவிடும்.

கிடைத்த இடம், ஆழம், தேதி, மணலா பாறையா என்பதை அன்றிரவே சீட்டில் எழுதி ஓட்டோடு வைத்துவிடுவேன். சீட்டு இல்லாத சங்கு ஆய்வாளருக்கு அநேகமாகப் பயன்படாது. கடைசியாக, பெட்டி. ஓக் மர அலமாரியும் சாதாரண அட்டைப்பெட்டியும் அமில ஆவி விடும். வருடங்கள் போகப்போக ஓட்டின் மேல் வெள்ளைப் பொடி பூத்துப் பளபளப்பு அரித்துப்போகும். நான் ஸ்டீல் இழுப்பறைக்கு மாறினேன், உள்ளே மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள். ஈரப்பதம் மிகுந்த இந்த ஊரிலும் இதுவரை ஒரு சங்கிலும் பொடி பூக்கவில்லை.