ஐரோப்பிய மாதிரியா, அமெரிக்க மாதிரியா: குறுவை அறுவடைக்கு எதைப் பார்ப்பது?

அக்டோபரில் குறுவைக் கதிர் முற்றி நிற்கையில், அறுவடை இயந்திரத்துக்கு ஒரு வாரம் முன்பே சொல்லி வைக்க வேண்டியிருப்பதால், நாளைய மழையைவிட அடுத்த வாரத்து மழையே டெல்டா விவசாயிக்கு முக்கியம். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டிய நெல் தேங்கிவிடும். இந்தத் தேவைக்காக, வானிலையைக் கணினியில் கணிக்கும் இரண்டு உலகளாவிய மாதிரிகளையும் சில பருவங்களாகப் பார்த்துவரும் நான், ஐரோப்பிய மாதிரியையே முதன்மையாகக் கொண்டிருக்கிறேன்.

அமெரிக்க மாதிரியான ஜி.எஃப்.எஸ். நாளொன்றுக்கு நான்கு முறை, 16 நாட்கள் வரை கணிக்கிறது. அதன் தரவுகள் நெடுங்காலமாகவே எல்லோருக்கும் இலவசம். ஐரோப்பிய மாதிரியை நடத்தும் ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்கணிப்பு மையமோ 2022-இல்தான் தன் தரவுகளுக்கான கதவைச் சற்றே திறந்தது. அமெரிக்காவின் தாராளத்துக்கு நாம் நன்றி சொல்லவே வேண்டும்.

ஐரோப்பிய மையம் 1975-இல் பல நாடுகள் கூடி அமைத்த நிறுவனம். இங்கிலாந்தின் ரெடிங் நகரிலிருந்து 1979-இல் நடுத்தரகால முன்கணிப்பை வழங்கத் தொடங்கிய அதன் கணினிகள் இப்போது இத்தாலியின் போலோஞாவில் இயங்குகின்றன. காரைக்காலில் பறக்கவிடும் வானிலை பலூனின் அளவீடு, உலக நாடுகளின் தரவுப் பரிமாற்றத்தால் இரு தரப்புக்குமே கிடைக்கிறது. ஆகவே வேறுபாடு, கையில் கிடைத்ததை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

என் தேர்வைத் தீர்மானித்தது குழும முன்கணிப்பு. தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒரே கணிப்பைப் பலமுறை ஓட்டுவது இம்முறை. ஐரோப்பிய மையம் 51 கணிப்புகளை, 2023 முதல் உலகைச் சுமார் 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிக்கும் நுணுக்கத்தில் ஓட்டுகிறது; அமெரிக்கக் குழுமத்தில் 31 கணிப்புகள், நுணுக்கம் சுமார் 25 கிலோமீட்டர். வங்கக்கடலில் தாழ்வுப் பகுதி உருவாகும்போது, இந்தக் கணிப்புகள் அதற்குக் காட்டும் தடங்கள் நாகப்பட்டினத்தை ஒட்டி நெருங்கி விழுந்தால் அறுவடையை முன்கூட்டியே முடிக்கலாம். நாகைக்கும் ஆந்திராவுக்கும் மியான்மருக்குமாகச் சிதறினால், இன்னும் இரண்டு நாள் பொறுப்பதே நல்லது. ஒற்றைத் தடத்தை மட்டும் பார்ப்பவருக்கு, அந்தத் தடத்தை எவ்வளவு நம்பலாம் என்பது தெரியவே தெரியாது. பல நாடுகள் சேர்ந்து, இந்த ஒரு பணிக்கென்றே செலவிடுவதன் பலனை நான் இங்கேதான் காண்கிறேன். 2012-இல் சாண்டி புயல் அமெரிக்கக் கரைப் பக்கம் திரும்பும் என்பதை ஐரோப்பிய மாதிரி ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே காட்டியபோது, ஜி.எஃப்.எஸ். அதைக் கடலுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது.

இருந்தாலும் நான் பார்த்தது வடகிழக்குப் பருவமழையை மட்டுமே; கோடை இடிமழைக்கு இந்த அனுபவத்தை நீட்டிச் சொல்ல மாட்டேன். பத்து நாளுக்கு அப்பால் இரண்டையுமே நான் கணக்கில் எடுப்பதில்லை. இயந்திரம் வயலில் இறங்கும் நாளன்று காரைக்கால் ரேடார் படமும் வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையும்தான் எனக்கு வழிகாட்டி.