இறந்தவருக்காக மனு எழுதித் தரும் கடை

திருகோணமலை நீதிமன்றத்தின் அருகே தட்டச்சு, மொழிபெயர்ப்பு, சத்தியக்கடதாசி என்று பலகை தொங்கும் கடைகள் பல உண்டு. காணி உறுதிக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் எதில் ஏறினாலும் வேலை முடியும். எங்கள் தேவை வேறு.

1943இல் டொக்யாட்டில், அதாவது கடற்படையின் கப்பல் பட்டறையில், வேலை செய்த என் அம்மப்பா, செப்புக்கம்பி திருடினார் என்று சிறைக்கு அனுப்பப்பட்டவர். அந்தப் பழியோடுதான் கண்ணை மூடினார். ஜனாதிபதியிடம் மன்னிப்புக் கோரி மனு எழுத வேண்டும் என்றதும், "செத்தவருக்கு எதற்கு மன்னிப்பு?" என்று ஒரு கடையில் கேட்டார்கள். அம்மாவின் முகம் கறுத்துவிட்டது.

ஓய்வுபெற்ற நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் ஒருவர் நடத்தும் இந்தச் சிறிய கடையில் முதல் கேள்வியே, "ஆதாரம் என்ன இருக்கிறது, தங்கச்சி?" என்பதுதான். அம்மா ஆஸ்பத்திரி அட்டையை நீட்டினார். திருட்டு நடந்ததாகச் சொல்லப்பட்ட இரவில் அம்மப்பா மலேரியாக் காய்ச்சலோடு வாட்டில் கிடந்திருக்கிறார். ஊதா மை மங்கி, தேதி 3ஆ 8ஆ என்று தெரியவில்லை. ஐயா பூதக்கண்ணாடியை எடுத்தார். அட்டையின் பின்புறத்தில் கொயினா மருந்து கொடுத்த நாட்கள் வரிசையாக இருந்தன. அவற்றோடு ஒப்பிட்டு 8 என்று உறுதியான பிறகே தட்டச்சைத் தொட்டார். நான் எழுதிக் கொண்டுபோன உருக்கமான பந்திகளை வெட்டி எறிந்தார். அதுதான் சரி. கண்ணீரைவிட அந்த அட்டை வலியது.

எதிர்பார்ப்பையும் அவர் ஊதிப் பெருக்கவில்லை. மன்னிக்கும் அதிகாரம் அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரையில் இருக்கிறது என்றார். 1915இல் இராணுவச் சட்டத்தின் கீழ் சுட்டுக் கொல்லப்பட்ட இலங்கைப் படை அதிகாரி ஹென்றி பெட்ரிஸுக்கு மன்னிப்புக் கிடைத்தது 2024இல்தான். இங்கிலாந்தில் கொலை வழக்கொன்றில் 1953இல் தூக்கிலிடப்பட்ட டெரெக் பென்ட்லியின் கதையையும் சொன்னார். 1993இல் கிடைத்த மன்னிப்பு மரணதண்டனையை மட்டுமே தொட்டது, குற்றத்தீர்ப்பு அப்படியே நின்றது. அதை நீதிமன்றம் ரத்துச் செய்தது 1998இல். அதற்காகவே வாழ்நாள் முழுவதும் போராடிய சகோதரி ஐரிஸ் முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். அம்மா உடனே, "நான் இருக்கும்போதே அனுப்பிவிடுங்கள், ஐயா" என்றார்.

குறையும் உண்டு. சிங்கள மொழிபெயர்ப்புக்குத் தனிக் கட்டணம் என்பதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். வயதானவர்கள் உட்கார ஒரு வாங்குகூட இல்லை. அம்மா வெயிலில் நின்றது எனக்குப் பொறுக்கவில்லை.

மனு பதிவுத் தபாலில் போய்விட்டது. பதில் வரவில்லை, அதற்கு இந்தக் கடை பொறுப்பில்லை. போகிறவர்கள் மூலப் பத்திரங்களைக் கையிலேயே வைத்திருங்கள், பிரதியை மட்டும் கொடுங்கள். வழக்கு நாட்களில் கூட்டம் நெரியும், காலையிலேயே போய்விடுங்கள்.