போதையில் சிக்கிய சிறாருக்குக் குடும்பச் சிகிச்சை: எது யாருக்குப் பொருந்தும்?

சிறார் நீதிமன்றத்துக்கு வரும் 15 வயதுப் பையனின் கோப்பில் ஒரு திருட்டு வழக்கோ அடிதடி வழக்கோ இருக்கும். சில பக்கங்கள் தள்ளி, சிறுநீர்ப் பரிசோதனையில் கஞ்சா தெரிந்தது என்ற குறிப்பு இருக்கும். குற்றத்துக்குக் கண்காணிப்பு, போதைக்கு ஆலோசனை என்று இரண்டையும் பிரித்து வெவ்வேறு அறைகளுக்கு அனுப்புவதுதான் வழக்கம். இரவு அவன் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறான், திரும்பாத நாளில் யார் தேடுகிறார்கள் என்று இரண்டு அறையிலும் யாரும் கேட்பதில்லை. குடும்பம் சார்ந்த சிகிச்சைகள் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதால்தான் அவற்றின் மேல் எனக்கு மதிப்பு.

இவற்றில் அதிகம் ஆராயப்பட்டவை நான்கு. வெளியிலிருந்து பார்த்தால் நான்கும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் ஒரு குடும்பத்துக்குப் பொருந்துவது இன்னொன்றுக்குப் பொருந்தாது.

முதலில், இவை எதற்கு மாற்று என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒரே மாதிரிச் சிக்கலில் இருக்கும் பையன்களை ஒரு அறையில் வட்டமாக உட்காரவைத்துப் பேசவைப்பது செலவு குறைந்த வழி. ஆபத்து அதிலேயே இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் டிஷியனும் அவருடைய குழுவினரும் இத்தகைய பையன்களின் உரையாடல்களை ஒளிப்பதிவு செய்து பார்த்தார்கள். விதி மீறிய கதையை ஒருவன் சொன்னதும் மற்றவன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பே பரிசாகிவிடுகிறது, அடுத்த கதை இன்னும் பெரிதாக வருகிறது. சில குழுச் சிகிச்சைகளில் சேர்ந்தவர்களின் நடத்தை, சேராதவர்களைவிட மோசமானது என்று 1999இல் அவரும் ஜோன் மெக்கார்டும் பிறரும் எழுதினார்கள். எல்லாக் குழுவிலும் இப்படி நடப்பதில்லை. ஆனாலும் குற்ற வழக்குள்ள பையன்களை மட்டும் ஓரிடத்தில் சேர்க்கும் எந்தத் திட்டத்தையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

நான்கில் மிகத் தீவிரமானது மல்டிசிஸ்டமிக் தெரபி. அமெரிக்காவின் ஸ்காட் ஹெங்கலரும் அவருடைய கூட்டாளிகளும் வளர்த்தது. சிகிச்சையாளருக்கு ஒரே சமயத்தில் நான்கு முதல் ஆறு குடும்பங்கள்தான். மூன்று முதல் ஐந்து மாதம் வரை அவரே வீட்டுக்குப் போகிறார், பள்ளிக்குப் போகிறார், பையனின் கூட்டாளிகளுடைய பெற்றோரிடமும் பேசுகிறார். நள்ளிரவில் பையன் வெறியோடு கதவை உடைத்தால் அழைப்பதற்கு அந்தக் குழுவில் ஒருவர் எப்போதும் இருப்பார். குடும்பம் ஒத்துழைக்கவில்லை என்று சொல்லிக் கோப்பை மூட இந்த முறையில் இடமில்லை. ஈடுபாட்டை உண்டாக்குவது சிகிச்சையாளரின் பொறுப்பு, தவறினால் அவர்தான் வேறு வழி தேட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது இந்த நேர்மைதான். எத்தனை தாய்மார்கள் “ஒத்துழைக்காதவர்” என்ற ஒரு சொல்லோடு கைவிடப்பட்டிருக்கிறார்கள்!

பலன்? மிசூரியில் 176 சிறாரிடம் நடந்த ஆய்வில் இதைத் தனிநபர் ஆலோசனையோடு ஒப்பிட்டார்கள். நான்கு ஆண்டுகளில் மீண்டும் கைதானவர்கள் இதில் சுமார் 26 சதவீதம், தனிநபர் ஆலோசனையில் 71 சதவீதம். ஏறக்குறைய 14 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் 50க்கு 81 என்ற இடைவெளி இருந்தது. ஆனால் அந்த ஆய்வை நடத்தியவர்கள் இந்த முறையோடு நெருக்கமாக இருந்தவர்கள். இங்கிலாந்தில் 684 குடும்பங்களோடு நடந்து 2018இல் வெளியான பெரிய ஆய்வில், பிள்ளை வீட்டைவிட்டு வேறிடத்தில் வைக்கப்படுவதை இந்த முறை வழக்கமான சேவைகளைவிடக் குறைக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது: ஏற்கெனவே நல்ல சேவை கிடைக்கும் இடத்தில் இதன் கூடுதல் பலன் சுருங்குகிறது, ஒன்றுமே இல்லாத இடத்தில் பெரிதாகத் தெரிகிறது.

போதை விஷயத்தில் இதற்கு ஒரு குறையும் இருந்தது. போதைப் பழக்கமுள்ள 118 இளங்குற்றவாளிகளிடம் நடந்த ஆய்வில், இந்த முறைக்கு ஒதுக்கப்பட்ட 58 குடும்பங்களில் 57 சிகிச்சையை முடித்தன. இடையில் விட்டுப்போவதே பெரும் சிக்கலாக இருக்கும் இந்தத் துறையில் அது வியப்பூட்டும் எண். ஆனால் போதையிலும் கைதுகளிலும் கிடைத்த மாற்றம் மிதமானதாகவே இருந்தது. எனவே பின்னர் சிறுநீர்ப் பரிசோதனையை அடிக்கடி செய்து, போதை இல்லாத ஒவ்வொரு முடிவுக்கும் வெகுமதியும், இருந்தால் சலுகை இழப்பும் என்ற முறையைச் சேர்த்தார்கள். போதையில் சிக்கிய சிறாருக்கென்றே நடக்கும் சிறார் போதை நீதிமன்றத்தில் 161 பேரிடம் இதைச் சோதித்தபோது போதைப் பயன்பாடு கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. மறுகைதுகள் அந்த அளவுக்குக் குறையவில்லை. கண்காணிப்பு கூடினால் சிறு தவறும் கண்ணில் படும் என்பது ஆய்வாளர்கள் சொன்ன சாத்தியமான காரணம். கைது எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு திட்டத்தை எடைபோடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

போதையே நடுநாயகமாக இருக்கும் பையனுக்கு ஹோவர்ட் லிடில் வளர்த்த மல்டிடைமென்ஷனல் ஃபேமிலி தெரபி இன்னும் நேரடியாகப் பொருந்துகிறது. முந்தையதில் பெற்றோரே முதன்மைக் கருவி. இதிலோ பையனைத் தனியே, பெற்றோரைத் தனியே, பிறகு இருவரையும் சேர்த்து என்று மூன்று வகை அமர்வுகள் உண்டு, பள்ளியும் நீதிமன்றமும் நான்காவது களம். பெற்றோர் முன்னால் ஒருபோதும் சொல்லாததைப் பையன் தனி அமர்வில் சொல்ல முடிகிறது. அதைக் கூட்டு அமர்வில் எப்படிச் சொல்வது என்று முன்கூட்டியே பழகிப் பார்க்கவும் முடிகிறது. தடுப்பு இல்லத்தில் இருக்கும்போதே தொடங்கி, விடுதலைக்குப் பிறகு அதே சிகிச்சையாளரோடு தொடரும் வடிவமும் இதற்கு உண்டு. வெளியே வரும் முதல் சில வாரங்களில்தான் பழைய கூட்டாளிகள் தேடி வருவார்கள் என்பதால் இந்தத் தொடர்ச்சிக்குப் பெரிய மதிப்புத் தருகிறேன்.

பிரஸ்ஸல்ஸ், பெர்லின், பாரிஸ், தி ஹேக், ஜெனீவா ஆகிய ஐந்து நகரங்களில் 450 பேரிடம் நடந்த இன்கான்ட் ஆய்வில், தனிநபர் சிகிச்சையைவிட இதில் நிலைத்தவர்கள் மிக அதிகம், கஞ்சா சார்புநிலையும் அதிகம் குறைந்தது. கஞ்சா பிடிக்கும் நாட்களின் எண்ணிக்கையில் வேறுபாடு தெரிந்ததோ அதிகமாகப் பயன்படுத்தியவர்களிடம் மட்டுமே. அமெரிக்காவில் 600 பேரிடம் இதையும் சேர்த்து ஐந்து சிகிச்சைகளை ஒப்பிட்ட ஆய்வில், வெறும் ஐந்து அமர்வுகள் கொண்ட எளிய சிகிச்சையும் ஏறத்தாழ இதே பலனைக் குறைந்த செலவில் தந்தது. அப்போதுதான் கஞ்சாவைத் தொட்டுப் பார்த்த பையனுக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. நாள்தோறும் புகைத்து, பள்ளியை விட்டு, இரண்டாவது வழக்கிலும் சிக்கியவனுக்குத்தான் இது.

மூன்றாவது ஃபங்ஷனல் ஃபேமிலி தெரபி. யூட்டாவில் ஜேம்ஸ் அலெக்ஸாண்டர் 1970களில் உருவாக்கியது. பெரும்பாலும் 12 முதல் 14 அமர்வுகள், சிக்கலான குடும்பத்துக்கு 30 வரை. சிகிச்சையாளர் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களைப் பார்க்க முடியும் என்பதால் செலவு குறைவு. தொடக்கத்தில் எந்த விதியும் போடுவதில்லை. குற்றச்சாட்டின் சூட்டைத் தணிப்பதுதான் முதல் வேலை. அப்பாவின் கத்தலுக்குள் இருக்கும் பயத்தைப் பையனுக்குக் காட்டுகிறார்கள், பையனின் மௌனத்துக்குள் இருக்கும் அவமானத்தை அப்பாவுக்குக் காட்டுகிறார்கள். அடுத்து, இந்த நடத்தை அவனுக்கு எதைத் தருகிறது என்று பார்க்கிறார்கள். குடித்துவிட்டு நள்ளிரவில் வருகிறவனுக்கு வீட்டிலிருந்து சற்று விலகல் கிடைக்கிறது. விலகல் வேண்டும் என்ற தேவையை அவர்கள் பறிப்பதில்லை. ஒரு வேலை, மாலைநேர விளையாட்டு என்று அதே விலகலை வேறு வழியில் கிடைக்கச் செய்கிறார்கள்.

வாஷிங்டன் மாநிலம் சிறார் குற்றம் பற்றிய 1997ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகு இதைப் பரவலாக நடைமுறைப்படுத்தியது. 2004இல் வெளியான மதிப்பீட்டைச் சிறார் நலனில் முடிவெடுக்கும் எவரும் படிக்க வேண்டும். முறையைச் சரியாகக் கையாண்ட சிகிச்சையாளர்களிடம் போன சிறார் 18 மாதங்களில் பெருங்குற்றங்களில் மீண்டும் சிக்குவது 38 சதவீதம் குறைந்தது. சரியாகக் கையாளாதவர்களிடம் போனவர்களுக்குக் குறையவே இல்லை, சிகிச்சைக்குப் போகாதவர்களைவிடச் சற்றுக் கூடவே செய்தது. அரைகுறைப் பயிற்சியோடு ஒரு குடும்பத்தின் காயத்தைத் திறந்துவிட்டு, மூடத் தெரியாமல் விடுவது எவ்வளவு கொடுமை! ஆகவே எந்தச் சிகிச்சை என்று கேட்பதோடு நிற்காமல், அமர்வுகளை யார் மேற்பார்வையிடுகிறார், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்றும் கேட்க வேண்டும். இதற்குத் தெளிவான பதில் வராத இடத்தில், பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் நான் ஒரு பிள்ளையை அனுப்பச் சொல்ல மாட்டேன்.

என் தேர்வு இப்படி. வீட்டில் சண்டை ஓயவில்லை, ஆனாலும் எல்லோரும் ஒரு அறையில் உட்காரும் நிலை மிச்சமிருக்கிறது என்றால் ஃபங்ஷனல் ஃபேமிலி தெரபி போதும். போதை முற்றியிருந்தால் லிடிலின் முறை. வன்முறை, பள்ளி இழப்பு, தடுப்பு இல்லத்தின் வாசல் என்று எல்லாம் சேர்ந்து நெருக்கினால், செலவைப் பாராமல் வீடு தேடி வரும் ஹெங்கலரின் முறை.

யாருமே வர மறுத்தால்? அங்கேதான் நான்காவதான பிரீஃப் ஸ்ட்ராடஜிக் ஃபேமிலி தெரபி முன்னால் நிற்கிறது. மயாமியில் கியூபக் குடும்பங்களோடு வேலைசெய்த ஹோஸே சபோச்னிக் வளர்த்தது. குடும்பத்தில் ஒருவர் மட்டும் வந்தாலும் அவர் வழியாகவே முழுக் குடும்பத்தின் நடப்பை மாற்ற முடியும் என்று அவர் செய்துகாட்டினார். 1988இல் வெளியான 108 குடும்பங்களின் ஆய்வில், வழக்கமான அழைப்புக்கு 42 சதவீதக் குடும்பங்களே சிகிச்சைக்குள் வந்தன. இவருடைய அணுகுமுறையில் வந்தவை 93 சதவீதம். வர மறுப்பதே குடும்பச் சிக்கலின் ஒரு வடிவம் என்று கருதி, சிகிச்சையை முதல் தொலைபேசி அழைப்பிலேயே தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அழைப்பவர் தாய், “அவன் வரமாட்டேன் என்கிறான்” என்பார். இழுத்து வாருங்கள் என்று சிகிச்சையாளர் சொல்வதில்லை. தாயின் சம்மதத்தோடு பையனை அவன் இருக்கும் இடத்தில் போய்ச் சந்தித்து, வீட்டில் எது மாறினால் உனக்கு நன்றாக இருக்கும் என்று கேட்கிறார்.