லேசர் படகில் தண்ணீர் ஏறுகிறதா? தண்ணீர்ச் சோதனையா காற்றுச் சோதனையா, சிலிக்கோனா எபாக்ஸியா?

லேசர் (இப்போதைய பெயர் ஐ.எல்.சி.ஏ.) ஒருவர் ஓட்டும் 4.2 மீட்டர் ஃபைபர் பாய்ப்படகு. சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியது இந்த வகைதான். கரையேறியதும் பின்புற டிரெயின் பிளக்கை (தண்ணீர் வடியும் துளையின் அடைப்பான்) திறந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் வருவது சாதாரணம். இரண்டு மூன்று லிட்டர் கொட்டினால் தேட வேண்டியதுதான். ஏறும் ஒவ்வொரு லிட்டரும் 59 கிலோ படகில் ஒரு கிலோ கூடுதல் சுமை.

கரையில் ஒழுகாத படகு கடலில் ஏன் ஒழுகுகிறது? வெயிலில் காய்ந்த படகில், தளத்துக்கும் அடிப்பகுதிக்கும் இடையே உள்ள உட்கூட்டில் காற்று 50 டிகிரி இருக்கும். அது 28 டிகிரி தண்ணீரில் இறங்கியதும் உள்காற்று சுருங்கும். படகு முழுக்க அடைபட்டிருந்தால் அழுத்தம் ஏறக்குறைய 7 சதவீதம் குறையும். 70 செ.மீ. ஆழத்துத் தண்ணீர் தள்ளும் விசைக்கு அது சமம். ஊசித்துளை போதும், உறிஞ்சிவிடும். இதைத் தவிர்க்கத்தான் காக்பிட்டின் (ஓட்டுபவர் காலை வைக்கும் பள்ளம்) முன்சுவரில், காலைக் கொக்கிக்கொள்ளும் கால்பட்டை பொருந்தும் இடத்தருகே ஒரு சிறு காற்றுத்துளை உண்டு. உப்பும் மணலும் அதை அடைத்திருந்தால் முதலில் அதைக் குத்திவிடுங்கள்.

கண்டுபிடிக்க: தண்ணீரா, காற்றா?

படகுக்குள் ஹோஸ் விட்டு நிரப்பிப் பார்ப்பது மோசமான வழி. நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ. இரண்டு தாங்கிகள்மேல் நிற்கும் மெல்லிய அடிப்பகுதி அதற்காகச் செய்யப்பட்டதல்ல. பாய்மரக் குழிக்கு (பாய்மரத்தைச் செருகும் குழி) மட்டும் தண்ணீர்தான் சரி. விளிம்புவரை நிரப்பி 15 நிமிடம் விடுங்கள். மட்டம் இறங்கினால் அந்தப் படகைக் கடலில் இறக்கக் கூடாது. குழி பலவீனமாக இருந்தால் பலத்த காற்றில் பாய்மரம் தளத்தையே பெயர்த்துக்கொண்டு சாயும்.

மற்ற எல்லா இடத்துக்கும் காற்று. காற்றுத்துளையை டேப்பால் மூடிவிட்டு, வேக்குவம் கிளீனரின் ஊதும் முனையை டிரெயின் துளையில் துணி சுற்றித் தளர்வாக வையுங்கள். மிஞ்சிய காற்று வெளியேற வழி இருக்கட்டும். பஞ்சர் கடை கம்ப்ரஸர் வேண்டவே வேண்டாம். ஒரு பி.எஸ்.ஐ. அழுத்தம்கூட ஒரு சதுர மீட்டர் தளத்தை 700 கிலோ எடையளவுக்குத் தள்ளும். சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவி, தளமும் அடிப்பகுதியும் சேரும் விளிம்பின் கீழ்ப்புறம், பெய்லர் (காக்பிட் தண்ணீரை வெளியேற்றும் அடித்துளைக் கருவி), சென்டர்போர்டு (நடுவே கீழே இறங்கும் பலகை) பெட்டியின் மேல் கீழ் ஓரங்கள், சுக்கான் கொக்கிகளின் ஸ்க்ரூக்கள் என்று வரிசையாகப் பாருங்கள். குமிழி வரும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். டிரெயின் பிளக் இந்தச் சோதனையில் தப்பிவிடும்; அதன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தட்டையாகியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

அடைக்க: எது எங்கே?

கைக்கு முதலில் வருவது சிலிக்கோன். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், மலிவு, வெயிலையும் தாங்கும். ஆனால் ஒருமுறை பூசிய இடத்தில் அதன் படலம் தங்கிவிடும். பிறகு எபாக்ஸியோ (இரு பாகம் கலந்து இறுகும் ரெசின்) ஜெல்கோட்டோ (படகின் பளபளப்பான மேல்பூச்சு) அங்கே ஒட்டாது. அடுத்த பழுதையும் இப்போதே கெடுக்கும் பொருள், படகுப் பெட்டியில் இருக்கவே வேண்டாம்.

பாலியூரித்தேன் பசை இறுகப் பிடிக்கும், தண்ணீருக்கடியிலும் நிற்கும். சிக்கல் அந்தப் பிடியில்தான்: 3எம் 5200 என்ற பாலியூரித்தேன் பசை போட்ட உதிரியைக் கழற்றினால் ஜெல்கோட்டும் கூடவே வரும். முழுதாக இறுக ஒரு வாரம் ஆகும். பாலிசல்ஃபைடு பசை கழற்றத் தோதானது, ஆனால் ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்கை அரித்து வெடிக்க வைக்கும்.

தளத்தின் மேலுள்ள ஸ்க்ரூக்களுக்கு எங்கள் ஓட்டு பியூட்டைல் டேப்புக்கு (பிசுபிசுப்பான ரப்பர் நாடா). அது இறுகவே இறுகாது; எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். துளையின் வாயைக் கவுண்டர்சிங்க் பிட்டால் லேசாக விரித்து, டேப்பை ஸ்க்ரூவின் கழுத்தில் சுற்றி, ஒரே மூச்சில் இறுக்காமல் இரண்டு மூன்று நாளில் சிறிது சிறிதாக இறுக்குங்கள். விரித்த வாயில் அது வளையம்போல் அடையும். பெட்ரோல் பட்டால் கரையும். தண்ணீருக்கடியில் இருக்கும் பெய்லருக்கு இது ஆகாது, அங்கே பாலியூரித்தேன்.

ஸ்க்ரூ வெறுமனே சுற்றினால் எந்தப் பசையும் உதவாது. தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியால் துளையை நிரப்பி, மறுநாள் புதிதாகத் துளையிடுங்கள்.

பாய்மரக் குழிக்கும் பிளந்த விளிம்புக்கும் போட்டி எபாக்ஸிக்கும் பாலியெஸ்டர் ரெசினுக்கும். பாலியெஸ்டர் மலிவு, ஆனால் காய்ந்த பழைய ஃபைபர்மேல் அதன் பிடி எபாக்ஸியைவிடக் குறைவு. குழி எந்நேரமும் முறுக்குவிசை வாங்கும் இடம், அங்கே எபாக்ஸிதான். நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்த பிறகே பூச வேண்டும். சாதாரண ஃபைபர் மேட்டை (துண்டு இழைகளை ஒட்டிச் செய்த கண்ணாடி விரிப்பு) எபாக்ஸியோடு போடாதீர்கள். அதன் இழைகளைப் பிணைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். நெய்த கண்ணாடித் துணி வாங்குங்கள். குழியின் அடி தேய்வதற்குப் பெரும்பாலும் மணல்தான் காரணம்: பாய்மரம் சுழலும்போது அது சாணைக்கல்லாகிவிடும். அடியில் ஒரு டெஃப்ளான் வட்டு போடுங்கள்.

விளிம்புக்குப் பாலியெஸ்டர்தான் என்று முடிவெடுத்தால், கோபால்ட்டை (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) முதலில் ரெசினில் முழுக்கக் கலக்கிவிட்டு அதன்பிறகே கேட்டலிஸ்ட் (இறுக வைக்கும் திரவம்) சேருங்கள். இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.