சால்மன் ஏறும் ஆற்றங்கரை: கிரயமா, ஈஸ்மெண்டா, குத்தகையா?

ஆரிகன், வாஷிங்டன், மொன்டானா, வட கலிபோர்னியா: இந்த வட்டாரத்தில் சால்மனும் டிரவுட்டும் முட்டையிடும் கிளையாறுகள் பல, தனியார் மாட்டுப்பண்ணைகளுக்குள் ஓடுகின்றன. மீனுக்கு வேண்டியது குளிர்ந்த நீர், மண் அடைக்காத கூழாங்கல் படுகை, கரையில் மர நிழல். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2003-ல் பசிபிக் வடமேற்குப் பகுதிக்குச் சொன்ன வெப்ப வரம்பு, முட்டையிடும் இடத்தில் 13 டிகிரி செல்சியஸ், குஞ்சு வளரும் முக்கிய இடங்களில் 16, கடலிலிருந்து ஏறிவரும் வழியில் 20. 'புல் டிரவுட்' (bull trout) என்ற டிரவுட் வகையின் குஞ்சுக்கு 12-ஐத் தாண்டக்கூடாது. கரையைக் காக்க நிலச்சொந்தக்காரரோடு எந்த ஒப்பந்தம் போட்டாலும், அது கோடை ஆகஸ்ட் மாதத்தில் இந்த எண்களைக் காக்குமா என்பதுதான் எங்கள் அளவுகோல்.

நிரந்தர ஈஸ்மெண்ட்

நம் ஊர்ப் பத்திரங்களில் 'வழிநடை பாத்தியம்' என்று எழுதுவோமே, அந்த இனத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். நிலம் சொந்தக்காரரிடமே இருக்கும். மாடு மேய்க்கலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். மனை பிரிப்பது, கரையோரம் வீடு கட்டுவது, ஆற்றில் சரளை அள்ளுவது போன்ற உரிமைகளை மட்டும் ஒரு நில அறக்கட்டளைக்கோ அரசுக்கோ விட்டுக்கொடுக்கிறார். பதிவானதும் அது நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்து வாங்குபவரையும் கட்டும். மொன்டானாவின் முதல் பாதுகாப்பு ஈஸ்மெண்ட் 1976-ல் பிளாக்ஃபுட் ஆற்றோரம்தான் எழுதப்பட்டது.

விலையை 'முன்–பின்' மதிப்பீட்டில் போடுவார்கள். கணக்குக்காக, பண்ணை இன்று 20 லட்சம் டாலர், மனை பிரிக்கும் உரிமை போனபின் 14 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஈஸ்மெண்டின் மதிப்பு 6 லட்சம். அதை நன்கொடையாகக் கொடுத்தால் ஆண்டு வருமானத்தில் 50% வரை வரிக்கழிவு உண்டு. தகுதியுள்ள விவசாயிக்கு 100% வரை. மீதியை அடுத்த 15 ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம். முதலீட்டாளர்கள் கூட்டாகச் சேர்ந்து மதிப்பை ஊதிக் காட்டியதால், கூட்டு நிறுவனங்களின் வரிக்கழிவுக்கு முதலீட்டின் 2.5 மடங்கு என்று 2022 சட்டம் உச்சவரம்பு போட்டது. வரிக்கழிவையே முதல் வரியாகச் சொல்லி வரும் தரகரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

பத்திரம் கெட்டுப்போகும் இடங்கள் உண்டு. முதலாவது எல்லை. 'இன்றைய கரையிலிருந்து 100 அடி' என்று சர்வே கல் நட்டு எழுதிவிடுகிறார்கள். ஆறு ஒரு வெள்ளத்தில் திரும்பிப் புது வழி பிடித்தால், ஈஸ்மெண்ட் வறண்ட மேட்டில் நிற்கும், ஆறு காப்பில்லாத வயலில் ஓடும். எல்லை ஆற்றோடு நகரும் என்று எழுத வேண்டும், அல்லது ஆறு அலையக்கூடிய தாழ்நிலம் முழுவதையும் சேர்க்க வேண்டும். கரையில் பாறை அடுக்கத் தடையும் அதோடு சேர்ந்து வர வேண்டும். பாறை அடுக்கிய கரையில் ஆறு புதுச் சரளையையும் பக்கக் கால்வாயையும் உண்டாக்க முடியாது; குஞ்சு ஒதுங்கும் இடமே பக்கக் கால்வாய்தான்.

இரண்டாவது, தடைகளை மட்டும் எழுதிவிட்டு வேலை செய்யும் உரிமையை மறப்பது. உள்ளே போய் மரம் நட, பெருமரத்துண்டுகளை ஆற்றில் போட்டு மடு உண்டாக்க, மீன் ஏற முடியாத குழாய்ப்பாலத்தை மாற்ற அறக்கட்டளைக்கு உரிமை உண்டு என்று தெளிவான ஷரத்து வேண்டும். அது இல்லாவிட்டால் மொட்டைக் கரை மொட்டையாகவே 'பாதுகாக்கப்படும்'.

மூன்றாவது அடமானம். பழைய கடன் இருந்தால், வங்கி தன் உரிமையை ஈஸ்மெண்டுக்குக் கீழே வைப்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜப்தி ஏலத்தில் ஈஸ்மெண்ட் அழிந்துபோகும், வரிக்கழிவும் கிடைக்காது. கனிம உரிமை வேறொருவர் பெயரில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

கையெழுத்தன்று அடிப்படை ஆவணம் தயாராக இருக்க வேண்டும்: வரைபடம், குறித்த புள்ளிகளிலிருந்து எடுத்த புகைப்படங்கள், வேலி எங்கே, கட்டடம் எங்கே என்ற விவரம், இருதரப்பு ஒப்பம். ஆண்டுக்கு ஒருமுறை போய்ப் பார்க்கவும் வழக்கு நடத்தவும் தனி நிதியும் வேண்டும். மீறுவது பெரும்பாலும் எழுதிக் கொடுத்தவர் இல்லை, அவருக்குப் பின் வாங்கியவர். புது உரிமையாளர் வந்த மாதமே போய்ப் பேசாத அறக்கட்டளை பின்னால் நீதிமன்றத்தில் நிற்கும்.

10–15 ஆண்டு ஒப்பந்தம்

'கிரெப்' எனப்படும் மத்திய, மாநிலக் கூட்டுத் திட்டம் ஆரிகனிலும் வாஷிங்டனிலும் 1998-ல் வந்தது. கரையிலிருந்து குறைந்தது 35 அடியை வேலியிட்டு மரம் நட்டால் ஆண்டு வாடகை கிடைக்கும்; வேலிக்கும் மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் உதவி உண்டு. நிரந்தரம் என்ற சொல்லுக்கே அஞ்சும் குடும்பத்துக்கு இது நல்ல தொடக்கம். குறை, கணக்கிலேயே இருக்கிறது. நாற்று நல்ல நிழல் தரத் தொடங்கும் வேளையில் ஒப்பந்தம் முடிகிறது. விழுந்து மடு உண்டாக்கும் பெரிய ஊசியிலை மரத்துக்கு இன்னும் பல பத்தாண்டுகள் வேண்டும். முதல் சில ஆண்டுகள் களை எடுக்காவிட்டால் ரீட் கேனரி புல் நாற்றை மூடிவிடும். அந்தப் புல்லுக்குள் ஒளியும் வயல் எலி பட்டையைக் கடித்து மிச்சத்தையும் முடித்துவிடும்.

முழுக் கிரயம்

விலை அதிகம், வரியும் களையும் வேலியும் வாங்கியவர் தலையில். ஆனாலும் சில இடங்களை வாங்கித்தான் ஆக வேண்டும். வட கலிபோர்னியாவில் கிளாமத் ஆற்றின் கீழ்ப்பகுதியில் கலக்கும் புளூ கிரீக் அப்படியொரு இடம். கோடையில் ஏறிவரும் சால்மன் அதன் குளிர்ந்த முகத்துவாரத்தில் நின்று உடல் சூட்டைத் தணித்துக்கொண்டுதான் மேலே போகும். மரக்கம்பெனி வசமிருந்த சுமார் 47,000 ஏக்கரை வெஸ்டர்ன் ரிவர்ஸ் கன்சர்வன்சி என்ற ஆற்றுப் பாதுகாப்பு அமைப்பு கட்டங்கட்டமாக வாங்கி யூரோக் பழங்குடியிடம் சேர்த்தது. 2025-ல் முடிந்த இந்த வேலைக்குச் சுமார் 5.6 கோடி டாலர் ஆயிற்று. மரவெட்டே தொழிலாக இருந்த மலைச்சரிவில் நான்கு தடைகளை எழுதி வாங்கியிருந்தால் போதியிருக்காது.

அதே கிளாமத் படுகையில், 2009-ல் நேச்சர் கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வாங்கிய ஷாஸ்டா பிக் ஸ்பிரிங்ஸ் பண்ணையில் மாடுகளை ஓடையிலிருந்து விலக்கியதும் நீர்ச்செடிகள் திரும்ப வளர்ந்து, நீரோட்டத்தைக் குறுக்கி, வெயிலை மறைத்தன. நட்ட மரம் நிழல் தருமுன்பே ஊற்று நீரின் குளிர்ச்சி ஓடையில் நெடுந்தூரம் தங்கியது.

தண்ணீர்க் குத்தகை

மேலே சொன்ன மூன்றும் நிலத்தைப் பற்றியவை. மேற்கு மாநிலங்களில் தண்ணீர் உரிமை தனிச் சொத்து: முதலில் எடுத்தவருக்கே முதல் பாத்தியம். மேல்மடையில் 1880-களின் உரிமை வைத்திருப்பவர் ஜூலையில் மதகைத் திறந்தால், அழகான ஈஸ்மெண்டுக்கு நடுவில் ஆறு வற்றிக் கிடக்கும். ஆரிகன் 1987 சட்டப்படி, பாசன உரிமையை ஆற்றிலேயே விட்டுவைக்கக் குத்தகைக்குக் கொடுக்கலாம். ஒரு தடவைக்கு 5 ஆண்டு வரை, பின் புதுப்பிக்கலாம். 5 ஆண்டு பயன்படுத்தாத உரிமை பறிபோகும் ஊரில், இந்தக் குத்தகை 'பயன்பாடு' என்றே கணக்காவது விவசாயிக்கு ஆறுதல். உரிமையின் பழைய தேதியும் குறையாது. ஜூன் வரை வைக்கோலுக்குப் பாய்ச்சிவிட்டு மீதிப் பருவத்தை மட்டும் விடும் வழியும் உண்டு. கீழே அளவுமானி வைத்து யாராவது பார்க்காவிட்டால், விட்ட தண்ணீரை அடுத்த மடைக்காரர் எடுத்துக்கொள்வார்.

எனவே ஈஸ்மெண்ட் எழுதும் நாளிலேயே இரண்டு ஷரத்துகளைச் சேர்க்கச் சொல்கிறோம்: தண்ணீர் உரிமையை நிலத்திலிருந்து பிரித்து விற்கக்கூடாது; ஆற்றில் விடுவதற்கான குத்தகைக்கு மட்டும் எப்போதும் அனுமதி உண்டு.